தண்ணீர் குடிக்காத கமாலுதீன்

எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் கண்டெய்னரை இறக்கினால் டமாரென்று கேட்கும். கமாலுதீன் இறக்கினால் கேட்காது. நாற்பதடிப் பெட்டி, உள்ளே இருபது டன்னுக்கு மேல் சரக்கு, அதைத் தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலக் கிடத்துவான். அவனுக்கு முன்னால் வேலைக்கு வந்தவன் நான். இருபது வருடம் ஓட்டியும் எனக்கு அந்தக் கை வரவில்லை. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். வீடு ராயபுரம். கமாலுதீன் வீடு தண்டையார்பேட்டையில், டோல்கேட் பக்கம் ஒரு சந்துக்குள் இரண்டாவது மாடி. மாத்தூர் தாண்டியிருக்கும் கண்டெய்னர் யார்டில் நான் ஆறாம் நம்பர் கிரேன், அவன் ஏழாம் நம்பர். எழுபதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. முன்னாலும் கண்ணாடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. அதில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம் வேலை. இரண்டு கிரேனும் அருகருகே வந்து நின்றால் அவன் மூக்கைச் சொறிவதுகூட எனக்குத் தெரியும்.

இந்த வேலையில் ஒரு வித்தை உண்டு. எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள், கூட இருப்பவன்தான் சொல்லித்தருவான். தண்ணீர் குடிக்கக் கூடாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இறங்க எண்பத்தாறு படி, ஏற எண்பத்தாறு படி. கழிப்பறை கேட் ஓரத்தில் இருக்கிறது. போய்வர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் கீழே டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும், சூப்பர்வைசர் செங்குட்டுவன் மெமோ புத்தகத்தை எடுப்பார். மூன்று மெமோ வந்தால் கிரேனை மறந்துவிட்டு கேட்டுக்குப் போய் லாரி நம்பர் குறிக்க வேண்டியதுதான். டிபனுக்கு வேண்டுமானால் கால் மணி நேரம் தருவார்கள். அதற்கும் இறங்க வேண்டாம், டிபனைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவார்கள்.

அதனால் காலை ஐந்து மணிக்கு அரை டம்ளர் டீ. அதோடு சரி, மதியம் இரண்டு மணிக்கு இறங்கும்வரை தொண்டை நனையாது. வாய் காயாமல் இருக்க ஒரு வறுத்த புளியங்கொட்டையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொள்வோம். கமாலுதீனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். மற்றவர்கள் அவசரத்துக்குக் கூண்டில் ஒரு காலி பாட்டில் வைத்திருப்பார்கள். எதற்கென்று விளக்க வேண்டாம். கமாலுதீன் அதைத் தொடமாட்டான். தொழுகிறவன், கழுவ வழியில்லாத இடத்தில் போனால் ஒரு சொட்டு துணியில் பட்டாலும் சுத்தம் போய்விடும் என்பான். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் ஷிப்ட் நடுவில் இறங்கியதில்லை. அதற்காகச் செங்குட்டுவனிடம் ஒருமுறை கைதட்டல் வாங்கியிருக்கிறான்.

பகலெல்லாம் காய்ந்து கிடந்தவன் இரண்டு மணிக்கு இறங்கினால் சும்மா இருப்பானா? இரண்டு ரோஸ்மில்க், அதன் மேல் ஒரு பிளேட் பிரியாணி, வீட்டுக்குப் போய் இன்னொரு சாப்பாடு. தாகம் எது, பசி எது என்று அவன் உடம்புக்கே தெரியாமல் போய்விட்டது. வருடத்துக்கு ஆறேழு கிலோ ஏறி, போன வருட மெடிக்கலில் முள் நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது. எங்கள் யார்டில் நூற்று முப்பதுக்கு மேல் இருந்தால் படியில் கால் வைக்க விடமாட்டார்கள். அதற்கு முன்பே எனக்குத் தெரியும், அவன் வயிறு முழங்காலைத் தாண்டி வந்துவிட்டது, கீழே பெட்டியைப் பார்க்கப் பக்கவாட்டில் சாய்ந்து உட்காருகிறான் என்று. அப்படியும் சத்தம் கேட்காமல் இறக்கினான், பாவி.

எட்டு மாதம் கேட் பூத்தில் கிடந்தான். தகரக் கூண்டு, ஒரு ஃபேன், ஒரு ஜன்னல். டிரெய்லர் டிரைவர்கள் போகிற போக்கில் விடமாட்டார்கள். "இன்னா பாய், பூத்துல நீ கீறியா, உனுக்குள்ள பூத்து கீதா?" என்று ஒருவன் கேட்டு, பின்னால் நின்ற பத்து லாரியும் சிரித்தது. கமாலுதீனும் சிரித்தான். அன்று மாலை என்னிடம் வந்து, வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

"பயமா இல்லியா பாய்?"

"இந்த பூத்துலயே கெடந்து சாவறதுக்குத்தான் பயமா கீது."

செங்குட்டுவன் மோசமானவர் என்று சொல்லமாட்டேன். ஏழாம் நம்பர் சீட்டை இரண்டு மாதம் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார். அதற்குள் எடை குறைந்து, டாக்டரின் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோடு வந்தால் ஏறலாம். வராவிட்டால் புது ஆள் போட்டுவிடுவார், கமாலுதீனுக்குக் கடைசிவரை கேட்தான். அந்த இரண்டு மாதத்தில்தான் நான் சொல்ல வந்த கதை இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள், மிச்சம் ஒரு வாழைக்காய் அளவுதான். அவன் மனைவி பதுருன்னிசா இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த மூடிதான் அவனுக்கு டம்ளர். முதல் இரண்டு வாரம் தண்ணீர், வடிகட்டிய சூப், மோர், புரோட்டீன் பவுடர் கலந்த பால், அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரம் எல்லாம் குழைத்தது, மசித்தது. அதற்கப்புறம் மெத்தென்ற இட்லி, வேகவைத்த மீன், முட்டை, அதுவும் இரண்டு ஸ்பூன். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். மற்ற நேரமெல்லாம் கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு மூடி, மெல்ல மெல்ல உறிஞ்ச வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் உள்ளே போகணும்.

இதெல்லாம் சுவரில் ஒரு அட்டவணையாகத் தொங்கியது. பதுருன்னிசா போனில் கால் மணிக்கு ஒரு அலாரம் வைத்திருந்தாள். அது அடித்தால் மூடியில் ஊற்றி நீட்டுவாள், அவன் வாங்குவான், அவள் ஒரு டிக் போடுவாள். மத்தியானம் அவள் கீழ்வீட்டில் தையலுக்குப் போகிற மூன்று மணி நேரம் மட்டும் பாட்டிலும் மூடியும் அவன் பொறுப்பு.

ஒன்றரை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எழுபதடி உயரத்தில் உட்கார்ந்து எண்ணூர் கடல்வரை பார்த்துப் பழகியவன், அந்தச் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமு, மொதல்ல கண்ணாடி கூண்டு. அப்பால தகர கூண்டு. இப்ப வூடு. அதுலயாவுது ஒரு மனுசன் பேசாம இருக்கலாம். இங்க கால் அவருக்கு ஒரு தபா மணி அட்ச்சிகினே கீது."

"பெருசா அலட்டிக்காத. பொண்டாட்டி ஊட்டி விடறா, கசக்குதா?"

"அதான் மாமு பேஜாரு. ரெண்டு லிட்டரு. நானு எப்ப மாமு பகல்ல ரெண்டு லிட்டரு குட்ச்சேன்?"

அப்போது நான் ஒன்று சொன்னேன். சும்மா சிரிக்கச் சொன்னது. இப்போது நினைத்தால் நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. "அத்த வுடு பாய். மேல வந்தும் நீ இப்டி குட்சிகினு இருந்தேனா, உனுக்கு படி ஏறி எறங்கவே ஷிப்டு பத்தாது. மூணே நாள்ல மூணு மெமோ, மறுபடி பூத்துதான்" என்றேன். அவனும் சிரித்தான். பூத்தில் சிரித்தானே, அதே சிரிப்பு. நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போனேன். எடை மளமளவென்று இறங்கியது. கன்னம் வற்றி, கழுத்து தெரிந்தது. மசித்த பருப்பை இருபது முறை மென்று விழுங்கினான், மசித்ததை மெல்ல என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு முறைத்தான். விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் தூக்கு நிறைய ஆட்டுக்கால் பாயா கொண்டுவந்தார்கள். மனுஷன் மெலிந்துபோனானே என்று அழுத ஒரு மாமியை வாசலிலேயே பதுருன்னிசா திருப்பி அனுப்பினாள். காலையும் மாலையும் சந்துக்குள் நடந்தான். மாத்திரை ஒன்று தவறவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்களாம்.

வாசல் பக்கத்தில் எண்ணெய் டின்னில் ஒரு மருதாணிச் செடி இருந்தது. அதற்கு முன் நான் பார்த்தபோதெல்லாம் குச்சியாகத்தான் நின்றது. இப்போது தளதளவென்று இலை மூடி நின்றது. "அல்லா, இத்த பாருங்க அண்ணே, எங்க கொடுமையிலயும் இது எப்டி தழச்சி நிக்கிது" என்று பதுருன்னிசா பெருமையாகக் காட்டினாள். நானும் மடையன் மாதிரி இரண்டு இலை கிள்ளி மோந்து பார்த்தேன்.

இருபத்தாறாம் நாள் காலையில் கமாலுதீன் குளியலறையில் விழுந்தான். கதவைத் தாழிட்டு உள்ளே விழுந்து கிடந்தவனை வெளியே எடுக்கவே முடியவில்லை, கீழ்வீட்டுக்காரர்கள் வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், நாடி தறிகெட்டு ஓடியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை, கிட்னி கெடுகிற நிலைக்குப் போயிருக்கிறது என்றார்கள். எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. அட்டவணையில் ஒரு நாள் விடாமல் டிக் நிறைந்திருந்தது. தைத்த இடம் பிரிந்துவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். நன்றாக இருந்தது. வாந்தியா, பேதியா? இல்லை.

உணவு ஆலோசகராக அங்கே மகிழினி என்றொரு பெண் இருந்தாள், முப்பது வயது இருக்கும். அவள் பதுருன்னிசாவை வராந்தாவுக்கு அழைத்து, "அளவு சரியா ஊத்தறீங்களாம்மா? மூடி பாதிதான் நிரம்புதா?" என்று கேட்டாள். மகிழினி மேல் தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதுருன்னிசா அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். தூங்காமல் கொள்ளாமல் மூடியில் அளந்து ஊற்றியவள் அவள். கதவு திறந்திருந்தது. கட்டிலில் கிடந்த கமாலுதீனுக்கு அந்த அழுகை கேட்டது. வாயைத் திறக்கவில்லை. அவனிடம் நான் மன்னிக்காத விஷயம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

வீட்டுக்கு வந்து நான்காம் நாள் சாயங்காலம் பதுருன்னிசா எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, சீக்கிரம் வாங்கோ. இவரு செடிகிட்ட குந்திக்கினு எய்ந்துக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

போனேன். எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். ஈர மண்ணில் ஒரு உள்ளங்கையை வைத்து அழுத்தியிருந்தான். கண்ணில் தண்ணீர் ஓடியது. உடம்பில் இல்லாத தண்ணீர் கண்ணுக்கு எங்கிருந்து வந்ததோ.

நடந்தது இதுதான். பதுருன்னிசாவின் அக்கா மக்காவுக்கு உம்ரா பயணம் போய்வந்து ஒரு சின்ன கேனில் ஜம்ஜம் தண்ணீர் கொடுத்திருந்தாள். புனிதத் தண்ணீர், நோய் தீரும் என்று நினைத்து ஒவ்வொரு மிடறாகக் குடிப்பார்கள். அன்று மத்தியானம் தையலுக்குப் போகும்முன் பதுருன்னிசா அதைச் சொல்லாமலே அவன் பாட்டிலில் கலந்து வைத்துவிட்டாள். திரும்பி வந்து, பாட்டில் காலியாக இருந்ததைப் பார்த்த சந்தோஷத்தில், "இன்னிக்கி நீங்க குடிச்சது இன்னா தெரியுமா? ஜம்ஜம். இனிமே பாருங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நேராகப் போய்ச் செடியருகே உட்கார்ந்தான்.

மூன்று வாரமாக மத்தியானத் தண்ணீர் முழுவதையும் அதில்தான் ஊற்றியிருக்கிறான். மற்ற நேரத்திலும், அவள் அந்தப் பக்கம் திரும்பினால் மூடியைச் சாய்த்துவிடுவான், இல்லையென்றால் வாயில் வைத்திருந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிடுவான்.

"ஏண்டா?" என்றேன். எட்டு வருடப் பழக்கத்தில் அவனை நான் டா போட்டதில்லை.

"ப்ராக்டீஸ் மாமு."

"இன்னா ப்ராக்டீஸ்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினான். "நீதான சொன்னே. குட்சிகினே இருந்தா எறங்கிகினே இருக்கணும்னு. இந்த வயிறு சின்னதாயி பழக்கம் வுட்டுப்பூடுமேன்னு பயந்துட்டேன். காத்தால ஆறுலேந்து ரெண்டு வரிக்கும் தாங்குறனான்னு பாத்துகினு இருந்தேன். தாங்குனேன் மாமு. பத்து நாளு ஒயுங்கா தாங்குனேன்."

அவன் மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி என் மேல் வந்து விழுந்தது. நான் சிரிக்கச் சொன்னதை அவன் சட்டமாக எடுத்துக்கொண்டு ஒரு பாலைவனத்தையே வீட்டுக்குள் கட்டியிருக்கிறான். எனக்கு அவனை ஓங்கி அறையவும் தோன்றியது, பக்கத்தில் உட்கார்ந்து அழவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. அவன் கையிலிருந்த புளியங்கொட்டையைப் பிடுங்கிச் சந்தில் எறிந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான். "ஜம்ஜம்ம மண்ணுல ஊத்திட்டேன் பதுரு. ஆஸ்பத்திரில ஒன்னிய அய வுட்டுட்டு பேசாம படுத்திருந்தேன்."

பதுருன்னிசா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் டின்னருகே குந்தி, ஒரு கிளையை ஒதுக்கிவிட்டாள். "செடி குடிச்சிது, போவட்டும். அல்லா கேக்க மாட்டான். நீங்க குடிக்கலியே, அத்த நான் யாராண்ட போயி கேக்கறது?" என்றாள்.

மறுநாள் மூவருமாக மகிழினியைப் பார்க்கப் போனோம். எல்லாவற்றையும் கமாலுதீன் தன் வாயாலேயே சொன்னான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சரி. சர்டிபிகேட்டுல டாக்டர்கிட்ட ஒரு வரி சேர்க்கச் சொல்றேன். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி குடிக்கவும், தேவைப்பட்டா இறங்கவும் அனுமதிக்கணும்னு."

"வோணாம் மேடம். அத்த எய்தினா என்னை ஏத்த மாட்டாங்கோ. கண்டிசன் இல்லாத சர்டிபிகேட்டு கொண்டான்னுவாங்கோ."

"எழுதலன்னா நீங்க குடிக்க மாட்டீங்க."

"எய்தினா கேட்டு. எய்தலன்னா கிட்னி." கமாலுதீன் தரையைப் பார்த்துச் சொன்னான். "எந்தப் பக்கம் திரும்புனாலும் செவுருதான் மேடம்."

மகிழினிக்குக் கோபம் வந்துவிட்டது. அது வந்ததும் அவள் படித்த பேச்சு காணாமல் போனது. "அண்ணே, நானும் உங்க பக்கந்தான், எம்.கே.பி. நகர். எங்கப்பாவும் இப்டிதான் பஸ் ஓட்டிகினு தண்ணி குடிக்காம கெடந்து, கடைசில வாரம் மூணு தபா டயாலிஸிஸ்னு என் கையாலயே இட்டுகினு போனேன். எனக்கு கதை சொல்லாதீங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க பக்கத்து கிரேன்தானே? நீங்க ஒரு ஷிப்டுல எவ்ளோ குடிக்கிறீங்க?"

சட்டைப் பையைத் தடவினேன், என் புளியங்கொட்டை அதில் இருந்தது. வாயில் எச்சில் இல்லை.

கடைசியில் அவள் ஒரு கணக்குக்கு வந்தாள். சர்டிபிகேட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் உண்மையாகக் குடிக்க வேண்டும். அட்டவணையை அவள் நம்பமாட்டாள். போகிற சிறுநீர் என்ன நிறம் என்று தினமும் பதுருன்னிசாவிடம் சொல்ல வேண்டும். டீ நிறமென்றால் ஆபத்து, மஞ்சளென்றால் போதாது, தண்ணீர் மாதிரி வெளுத்துப் போனால்தான் சரி. அப்படி வந்தால் அந்த வரி இல்லாமலே சர்டிபிகேட் வாங்கித்தருவாள். "ஆனா மேல ஏறுனப்பறம் யார் பாக்கறது?" என்று கேட்டாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அந்த இரண்டு வாரமும் கமாலுதீனுக்கு நரகம்தான். குடிக்கப் பழகாத தொண்டை தண்ணீரைக் கண்டால் மூடிக்கொண்டது. கொஞ்சம் வேகமாக விழுங்கினால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைத்து, குனிந்து உட்கார்ந்துவிடுவான். அலாரம் அடிக்கும், அடுத்த மூடி. வெதுவெதுப்பாக, சீரகம் போட்டு, எலுமிச்சை பிழிந்து, பதுருன்னிசா விதவிதமாகக் கொடுத்துப் பார்த்தாள். தினமும் கழிப்பறைக்குள்ளிருந்து "மஞ்சா" என்று குரல் கொடுப்பான், அவள் வெளியிலிருந்து "இன்னும் குடிங்க" என்பாள். மருதாணி வாடத் தொடங்கியது.

ஏழாம் வாரக் கடைசியில் எடை பார்த்தார்கள். நூற்று இருபத்து நான்கு. நிறம் வெளுத்த மஞ்சள். முழுக்க வெளுக்கவில்லை. மகிழினி அதையே போதுமென்று எடுத்துக்கொண்டாள். டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தந்துவிட்டு, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஏழாம் நம்பர் கிரேனடியில் பிஸ்மி சொல்லி முதல் படியில் கால் வைத்தான். எண்பத்தாறு படியில் மூன்று இடத்தில் நின்றான். மேலே போய் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவே குனிந்தான். வயிறு இப்போது மறைக்கவில்லை. கண்ணாடி வழியே கீழே தரை தெரிந்திருக்கும். ஒன்பது மாதத்துக்கு மேல் கழித்து அதைப் பார்த்தவன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. ஆறு பத்துக்கு முதல் பெட்டியை எடுத்து வைத்தான். சத்தம் கேட்கவில்லை.

எங்கள் ஏற்பாடு எளிதானது. கால் மணிக்கு ஒருமுறை நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவேன், அவனும் தூக்கிக் குடித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை நான் சும்மா உதட்டில் வைத்துவிட்டு எடுத்தேன். அந்தக் கூண்டிலிருந்து இந்தக் கூண்டுக்கு அவன் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டான். செடிக்கு ஊற்றியவனுக்கா ஏமாற்று வேலை தெரியாது? வேறு வழியில்லாமல் விழுங்கினேன். பிறகுதான் அவனும் விழுங்கினான்.

இருபது வருடமாகப் பகலில் தண்ணீர் காணாத உடம்பு என்னுடையது. எட்டு மணிக்கே அடிவயிறு பேச ஆரம்பித்தது. எட்டே முக்காலுக்கு முழங்காலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதரைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கூண்டில் அவனும் நெளிவது தெரிந்தது. கீழே எனக்கு ஐந்து லாரி, அவனுக்கு நான்கு லாரி. காலி பாட்டில் ஒன்று என் கூண்டிலும் எப்போதும் உண்டு. அதை எடுத்தேன். நிமிர்ந்தால் கமாலுதீன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இதில் போய்விட்டால் எனக்கு வழி கிடைத்துவிடும், அவனுக்குக் கிடைக்காது. நாளையிலிருந்து அவன் மூடியைக்கூடத் திறக்கமாட்டான். பாட்டிலை மூலையில் எறிந்துவிட்டு வாக்கி டாக்கியை அழுத்தினேன்.

"ஆறாம் நம்பர் எறங்குது."

"இன்னாபா, கோளாறா?" செங்குட்டுவன் குரல்.

"கிரேன்ல இல்ல சார். ஆப்பரேட்டர்ல. ஒன்னுக்கு போவணும்."

"ஷிப்டு முடியட்டும்பா, இத்தினி வருசமா தாங்கலியா?"

"அதான் சார், இத்தினி வருசமா தாங்கிட்டேன்."

ஒவ்வொரு படியும் ஒரு யுகம். கீழே வந்து மேலே பார்த்தேன். அவன் அசையவில்லை. பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையை ஆட்டினேன். தலையை ஆட்டினான், மாட்டேனென்று. லாரிகள் ஹாரன் அடித்தன. என் நிலைமையோ ஒரு நிமிடம்கூட நிற்கிற நிலைமை இல்லை. ஆனால் அவனை மேலே விட்டுவிட்டு நான் மட்டும் போனால், பதுருன்னிசா முகத்தில் எப்படி விழிப்பேன்? இரண்டு காலையும் பின்னிக்கொண்டு அங்கேயே நின்றேன். ஒரு டிரைவர், "அண்ணாத்தே, டான்ஸு சூப்பரா கீது" என்றான்.

கையிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"ஏழாம் நம்பர் எறங்குது."

கழிப்பறையில் பக்கத்துப் பக்கத்துத் தடுப்புக்குள் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் உடைந்து வந்தது.

"மாமு, மஞ்சா இல்ல மாமு. தண்ணி மாரியே கீது."

"சரி, கயுவிகினு வா" என்றேன்.

வெளியே செங்குட்டுவன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார், கையில் மெமோ புத்தகம். ஆளுக்கு ஒன்று. கையெழுத்துப் போட்டோம். இன்னும் இரண்டு வந்தால் கேட், இருவருக்கும். அன்றைக்கு மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை, இரண்டு மணிவரை ஷிப்ட் கிடந்தது.

கிரேனுக்குத் திரும்புகிற வழியில் தண்ணீர்க் கேன் இருந்தது. கமாலுதீன் அங்கே நின்றான். செங்குட்டுவன் பார்த்துக்கொண்டிருக்க, தன் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி மூடினான். அப்புறம் என் பக்கம் கையை நீட்டி, என்னுடையதையும் வாங்கினான்.